இனிக்க இனிக்கப் பேசிய மனைவி

அந்த முதியோர் இல்லத்து மேனேஜருக்குக் கடவுள் நல்ல பல்வரிசையைக் கொடுத்துவிட்டார். அவரும் அதை ஒரு நிமிஷம்கூட வீணாக்கியதில்லை. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றாலும் சிரிப்பு, சமையலறையில் பால் திரிந்துபோனாலும் சிரிப்பு. இந்த வேலைக்கு வரும் முன் ஏதோ பெரிய ஓட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தவராம். வயதானவர்களை வயதானவர்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. 'நம்ம விருந்தாளிகள்' என்பார். விருந்தாளி என்றால் ஒரு நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டுமே, இவர்கள் எந்த வீட்டுக்குத் திரும்பப்போகிறார்கள் என்று அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்த முதல் நாளே தராசம்மா தன் அண்ணனிடம் கேட்டாள். அண்ணன் காதில் விழாத மாதிரி கார் கதவைத் திறந்தான்.

தராசம்மா என்பது கடைத்தெரு அவளுக்கு வைத்த பெயர். கடை கடையாகப் போய்த் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைக்கிற அரசாங்க உத்தியோகம். அவள் தெருமுனையில் திரும்புகிறாள் என்று தெரிந்தால் போதும், தட்டுக்கு அடியில் ஒட்டிவைத்த மெழுகுத் துண்டைச் சுரண்ட ஆளாளுக்குப் பறப்பார்கள். ஒருவன் நாற்காலி போடுவான், ஒருவன் குளிர்பானம் வரவழைப்பான், ஒருவன் 'அக்கா, பார்த்து எவ்வளவு நாளாச்சு' என்று உருகுவான். மனிதர்கள் இனிக்கப் பேசும்போது அவர்கள் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அவளுக்கு இந்த வேலையில் வந்ததுதான். கல்யாணம் பேச வந்தவர்களையும் அப்படித்தான் பார்த்தாள் போலிருக்கிறது, தனிக்கட்டையாகவே நின்றுவிட்டாள்.

அப்பா ஒரு காலத்தில் கட்டட வரைபடம் போட்டவர். ஒரு சுவர் எங்கே வளைகிறது என்று வெறும் கண்ணால் சொல்லிவிடுவார். இப்போது குளியலறை எந்தப் பக்கம் என்று யாராவது சொல்ல வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலேயே அவருக்கு மறதி முற்றிவிட்டது. அம்மா இறந்தபோது அவரை இறுதிச் சடங்குக்கு அழைத்துப்போக வேண்டாம் என்று அண்ணன் முடிவு செய்தான். "அம்மா வெளியூர் போயிருக்காங்கப்பா" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டான். சொன்ன கையோடு அப்பா தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்ததால் அது நல்ல பொய் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தராசம்மாவும் அன்று வாயைத் திறக்கவில்லை. பிறகு அண்ணன் வீட்டில் இடம் போதவில்லை என்று ஆயிற்று. நாலு படுக்கையறை இருந்தால் என்ன, மனசில் இடம் இல்லாவிட்டால் மாடி கட்டினாலும் போதாது. இப்படித்தான் அப்பா விருந்தாளி ஆனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டுமே அவள் அங்கே போவது வழக்கம். அன்றைக்கு ஒரு வேலை நாள். இல்லத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மொத்தக்கடையில் சோதனை. முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வந்ததுதான் வந்தோம், அப்பாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்தாள்.

கூடத்தில் நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் போடப்பட்டிருந்தன. இல்லத்தில் இருந்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். நடக்க முடியாதவர்களைக்கூடச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். தொலைக்காட்சி அணைந்து கிடந்தது. எல்லோருக்கும் எதிரே, ஒரு சின்ன மேசையில் தொலைபேசியை வைத்து, பக்கத்தில் அப்பாவை உட்கார வைத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, படிய வாரிய தலை, கழுத்து வரைக்கும் பவுடர். உள்ளே வந்தவளைப் பணிப்பெண் ஒருத்தி பார்த்துவிட்டு, சும்மா இருக்கச் சொல்லி உதட்டில் விரலை வைத்தாள்.

மணி அடித்தது. அப்பா உடனே எடுக்கவில்லை. சுற்றி ஒரு பார்வை பார்த்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, பிறகுதான் எடுத்தார். பணிப்பெண் எட்டி ஒரு பொத்தானை அமுக்க, குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"நான்தாங்க, உங்க பொண்டாட்டி பேசறேன். எப்படி இருக்கீங்க, என் ராஜா?"

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. நல்லா இருக்கேன், நீ எப்ப வருவே என்று கேட்டார். சீக்கிரமே வந்துவிடுவதாகவும், கொஞ்சம் தாமதமாகிறது, அதற்காக வருந்துவதாகவும் அந்தக் குரல் சொல்லிற்று. அந்த 'வருந்துகிறேன்' தராசம்மாவுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோரத்து நாற்காலி காலியாக இருந்தது. ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்துகொண்டிருந்த அம்மாளின் இடம் அது. எந்த வண்டி எத்தனை மணி நேரம் தாமதமானாலும் அதைத் தேனில் குழைத்துச் சொல்லியே ஆயுசு முழுக்கச் சம்பளம் வாங்கினவள். இப்போது மேனேஜர் அறையில் உட்கார்ந்துகொண்டு அம்மாவைத் தாமதமாக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு முத்தம் குடுங்களேன்" என்றது குரல்.

அப்பா வெட்கப்பட்டார். கெஞ்சவிட்டார். பிறகு ரிசீவரை உதட்டில் வைத்து ஒரு முத்தம் கொடுத்தார். கூடம் கொல்லென்று சிரித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் சால்வை நுனியை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாவம், எத்தனை வருஷம் சிரிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரோ. அப்பாவும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்களே என்று சேர்ந்து சிரித்தார்.

தராசம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

அறிவிப்பு அம்மாள் அப்போதுதான் தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தாள். உதட்டில் சாயம் பூசியிருந்தாள். தொலைபேசியில் பேசுவதற்கு உதட்டுச் சாயம். தராசம்மாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நழுவினாள். மேனேஜர் அசரவில்லை. நாற்காலியைக் காட்டினார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், பல்லைக் காட்டினார். இந்த ஏற்பாடு அண்ணனுக்குத் தெரியும், அவர் சம்மதத்தோடுதான் நடக்கிறது என்றார்.

பிறகு தன் தத்துவத்தை விளக்கினார். அவருக்குச் சரி தப்பு என்று எதுவும் கிடையாதாம். ஒரு காரியத்தால் உலகத்தில் சந்தோஷம் கூடியதா, குறைந்ததா என்ற ஒரே கேள்விதானாம். கூடினால் நல்ல காரியம், குறைந்தால் கெட்ட காரியம், மற்றதெல்லாம் வெறும் பேச்சு. அப்பா வந்த புதிதில் சாயங்காலமானால் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, மனைவி வரவில்லையே என்று ரகளை செய்வார். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும், ஊசி போட வேண்டும். அறிவிப்பு அம்மாளோ சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவள். மற்றவர்கள் சாயங்காலமானால் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள். இந்த ஒரு தொலைபேசி அழைப்பால் எல்லாம் சரியாகிவிட்டது. ஊசி இல்லை, சண்டை இல்லை, அம்மாள் எழுந்து தலை வாருகிறாள். இதையெல்லாம் மேனேஜர் ஏதோ சமையல் குறிப்பு சொல்வது போல அடுக்கிக்கொண்டே போனார்.

"உங்கப்பா சந்தோஷமா இருக்காரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அதுதான் தொல்லை. அப்பா சந்தோஷமாக இருந்தார். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தனக்குத் தெரிந்த வழியில் மல்லுக்கு நின்றாள். போன வாரம் ஒரு கடையில் தராசைப் பிடுங்கி மூடி முத்திரை வைத்த கதையைச் சொன்னாள். அந்தக் கடைக்காரன் தட்டில் எடை குறையும், ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் குழைந்து பேசி, மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவான். வாடிக்கையாளர்கள் பூரித்துப்போய்த் திரும்புவார்கள். அந்தத் தெருவிலேயே எல்லோருக்கும் பிடித்த கடை அதுதான். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்பதற்காக அந்தத் தராசு சரியான தராசு ஆகிவிடுமா என்று கேட்டாள்.

மேனேஜர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு சாவகாசமாகச் சொன்னார்: "தெரிஞ்சாத்தானேம்மா வருத்தம்? நீங்க போய்ச் சொன்னதுக்கப்புறம்தானே அவங்க வயிறு எரிஞ்சுது? அப்ப அந்தத் துக்கத்தை உண்டாக்கினது கடைக்காரனா, நீங்களா?"

இந்த ஆள் கடை வைத்திருந்தால் காலித் தட்டை நிறுத்தே ஊரை விற்றிருப்பான் என்று தராசம்மாவுக்குத் தோன்றியது.

"நஷ்டப்பட்டவங்க யாராவது ஒருத்தரைக் காட்டுங்க, நாளைக்கே நிறுத்திடறேன்" என்றார் மேனேஜர்.

"எங்கம்மா."

"அவங்கதான் இல்லையேம்மா. இல்லாதவங்களுக்கு ஏது நஷ்டம்?"

அவர் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார். அவருக்கு அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எண்ணம் என்ற ஒன்றே இல்லை. பல்லுக்குப் பின்னால் வெறும் கணக்கு.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அப்பாவைக் கேலிப்பொருளாக்கியது ஒரு பக்கம் இருக்கட்டும். அவளை அதைவிட அதிகமாக அறுத்தது அந்த 'என் ராஜா'தான். அவளுடைய அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை ஒருநாளும் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவள், நாக்கும் ஊசிதான். அப்பா ஒருமுறை ஆசையாகக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தபோது, 'உங்களுக்கு நேரத்துக்கு வீட்டுக்கு வரத் தெரியலைங்கறதுக்கு நான் இதைக் கட்டிக்கணுமா' என்று கேட்டவள். எதிரில் நிற்கிறவரை விட்டுவிட்டு 'இந்த மனுஷனுக்கு எத்தனை தரம் சொல்றது' என்று சுவரிடம் முறையிடுவாள். அப்பா சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அந்தத் திட்டுக்குள் அன்பு ஒளிந்திருந்தது, ஆகா ஓகோ என்று கதை கட்ட தராசம்மாவுக்கு விருப்பமில்லை. இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அதுதான் அம்மா. அத்தனை வருஷம் அப்பாவோடு குடித்தனம் நடத்தியவள் அவள்தான். அவளை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சர்க்கரைப் பொம்மையை நிறுத்தியிருந்தார்கள். சர்க்கரைதான் அதிகம் இனிக்கும் என்று அதற்கு நியாயம் வேறு.

அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் கருத்தைக் கொஞ்சமும் குரல் உயர்த்தாமல் சொன்னான். அப்பா வாழ்நாளிலேயே இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறாராம். அம்மாவிடம் பட்டது போதாதா, கடைசிக் காலத்திலாவது ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டுப் போகட்டும் என்றான். இவளுடைய கொள்கைக்காக அவர் அழ வேண்டுமா என்றும் கேட்டான். அவன் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. முழுப் பொய்யாக இருந்தால் கைகழுவிவிட்டுத் தூங்கப் போயிருப்பாள்.

அந்த வாரக் கடைசியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய், அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கிளம்பும்போது இல்லமே திரண்டு வந்து வழியை மறித்தது. எங்கள் சாயங்காலத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறாயே, உனக்கு இரக்கம் இல்லையா என்று ஒரு கிழவி கேட்டாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்த வாய்தானே இது என்று தராசம்மா திருப்பிக் கேட்டாள். நீதிபதி பெருந்தன்மையாக ஒரு தீர்ப்பு வழங்கினார்: ஒருத்தி மனக்குறைக்காக முப்பது பேர் மகிழ்ச்சியைக் கெடுப்பது நியாயம் ஆகாது. அவர் பதவியில் இருந்த காலத்தில் தண்டனை வாங்கியவர்களை நினைத்து அவள் பரிதாபப்பட்டாள். அறிவிப்பு அம்மாள் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். கார் அருகே வந்து, மெல்ல, வேண்டுமானால் வீட்டு எண்ணைக் கொடு, ஒரு நாளைக்கு ஒரு தரம் மட்டும் பேசுகிறேன் என்று கேட்டாள். சொந்தக் குரலில் பேசியபோது அந்தக் குரலில் தேனே இல்லை. கரகரவென்று, வயசான குரல். தராசம்மா எண்ணைக் கொடுக்கவில்லை. மற்றவர்களை வெறுத்த அளவுக்கு அவளை வெறுக்கவும் முடியவில்லை.

மூன்றாவது மாடியில் இரண்டறை வீடு. அப்பா பகலெல்லாம் ஒழுங்காக இருந்தார். ஜன்னலருகே உட்கார்ந்து, எதிர்க்கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு, பால்கனி சாய்ந்திருக்கிறது என்றார். உண்மையிலேயே கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. ஆனால் பொழுது சாய்ந்ததும் நீலச் சட்டையைத் தேடத் தொடங்கிவிடுவார். போட்டுக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, கையில் கிடைத்ததை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். ஒருநாள் தொலைக்காட்சியின் ரிமோட், ஒருநாள் மூக்குக்கண்ணாடிப் பெட்டி. பேச்சு வராததால் சாப்பிட மறுப்பார். தட்டைத் தள்ளிவிடுவார். ஒரு மாலை மூன்று மாடியும் தனியாக இறங்கிப்போய், தெருவில் போகிற பெண்களை எல்லாம் நிறுத்தி உற்றுப் பார்த்தார். காய்கறிக் கடைக்காரன் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்து விட்டான். அதுவரை அவளைப் பார்த்தால் தராசை மறைக்கிறவன், அன்று அவள் கண்ணைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனான்.

அண்ணன் நாள் தவறாமல் கூப்பிட்டு விசாரித்தான். சிரிக்கிறாரா என்று கேட்பான். இல்லை என்பாள். சாப்பிட்டாரா என்பான். பாதி என்பாள். அடுத்த பக்கத்தில் நீண்ட பெருமூச்சு கேட்கும், ஜெயித்தவனுடைய பெருமூச்சு. ஞாயிறு அன்று நேரில் வருவதாகவும், அப்பாவைத் திரும்ப இல்லத்தில் விடுவது பற்றி அவள் நன்றாக யோசித்து வைக்க வேண்டும் என்றும் சொன்னான். மேனேஜர் இடத்தை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறாராம். எல்லோரும் காத்திருக்கிறார்களாம்.

அவளும் யோசிக்கத்தான் செய்தாள். ஒவ்வொரு மாலையும் அவர் ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு 'அலோ, அலோ' என்றபோது, அந்த மேனேஜரின் கணக்கு அவள் தலைக்குள் தானாக ஓடும். அங்கே முப்பது பேர் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். இங்கே இவர் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூட விடை தெரியும். அந்தக் கணக்கு தன் தலைக்குள்ளும் ஓடுகிறதே என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகலில், அண்ணன் வருவதற்குள் வீட்டை ஒழுங்குபடுத்தலாம் என்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா குளியலறையிலிருந்து சொட்டச் சொட்ட வந்தார். துடைத்த தரையெல்லாம் ஈரக் கால்தடம். வந்தவர் துவைத்துப் போட்ட திரைச்சீலையை இழுத்து முகத்தைத் துடைத்தார். கம்பியோடு அது கீழே வந்தது. பல நாள் தூக்கமில்லாதவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, வாய் தானாகக் கத்திவிட்டது:

"இந்த மனுஷனுக்கு எத்தனை தரம் சொல்றது! கண்ணெதிரே துண்டு தொங்குது, அதை என்ன அழகு பார்க்கவா மாட்டியிருக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது.

அப்பா சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் பயம், அந்தப் பயத்துக்கு நடுவே ஒரு தெளிவு. அந்த இல்லத்துக் கூடத்தில் ஒருநாளும் அவள் பார்க்காத தெளிவு.

"நீயா? எப்ப வந்தே?" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கதவுப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தனை நாள் எங்க போயிருந்தே? யாரோ ஒருத்தி உன் பேரைச் சொல்லிக்கிட்டு தினமும் போன் பண்ணினா. இனிக்க இனிக்கப் பேசினா. நீ இல்லாத நேரத்துல எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. நான் ஒண்ணும் தப்பாப் பேசலை."

ஒரு கையை எடுத்து உதட்டைத் துடைத்துக்கொண்டார். முத்தம் கொடுத்தது ஞாபகம் வந்திருக்கும்.

தராசம்மா தரை துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு சுலபமாகப் போயிற்று! ஒன்றும் செய்ய வேண்டாம். 'சரி சரி, போய் உட்காருங்க' என்று அம்மா குரலில் ஒரு அதட்டு அதட்டினால் போதும். சாப்பிடுவார், தூங்குவார். அறிவிப்பு அம்மாளின் சரக்கு போலி என்றால் இவளிடம் இருப்பது அச்சு அசல். நாளைக்கும் திட்டலாம், மறுநாளும் திட்டலாம். அண்ணன் வந்து பார்த்துவிட்டு வாயடைத்துப் போவான். நஷ்டப்பட்டவர் யார் என்று அந்தப் பல்லழகர் இப்போது கேட்டால், யாரும் இல்லை என்று இவளே சொல்ல வேண்டியிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

துணியை வாளியில் போட்டாள். அப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள்.

"நான் அம்மா இல்லப்பா. உங்க பொண்ணு. அம்மா செத்துப்போயிட்டாங்க."

'போயிட்டாங்க' என்று மட்டும் சொன்னால் எங்கே என்று கேட்பார் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்த வார்த்தையையே சொன்னாள்.

அவர் அவள் முகத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். "எப்ப?" என்றார். இரண்டு வருஷம் ஆகிறது என்றாள். என்ன நோய் என்று கேட்டார், சொன்னாள். நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார். அண்ணன் வீட்டில் இருந்தீர்கள், உங்களைக் கூட்டிப்போகவில்லை, உங்களிடம் சொல்லவும் இல்லை, நானும் சொல்லவில்லை என்றாள். பிறகு அவர் கேட்டதைக் கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை மாதமாக, அந்த முப்பது பேருக்கு நடுவில், யாரும் அவரைக் கேட்கவிடாத கேள்வி அது.

"அவளுக்கு வலிச்சுதா?"

"ஆமாப்பா. கடைசியில ரொம்ப வலிச்சுது."

அவர் துண்டை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார். முதலில் தோள் மட்டும் அசைந்தது. பிறகு வாய்விட்டு அழுதார். நடுநடுவே திட்டவும் செய்தார்: ஒரு நாளாவது நல்ல வார்த்தை சொன்னாளா, கடிகாரத்தைக்கூடக் கட்டிக்கொள்ளவில்லையே, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளே என்று. அவர் அழுதது சாட்சாத் அந்த அம்மாவுக்காகத்தான். சர்க்கரைப் பொம்மைக்காக யாரும் இப்படி அழமாட்டார்கள். தராசம்மா அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த அழுகையில் யாருக்கும் எந்தச் சந்தோஷமும் இல்லை. அவளுக்கும் இல்லை. நாளைக்கு இதெல்லாம் மறந்துபோய் மறுபடி நீலச் சட்டையைத் தேடுவார், மறுபடி சொல்ல வேண்டியிருக்கும், அதற்குத் தனக்குத் துணிவு இருக்குமா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அண்ணன் பழப்பையோடு நின்றான். அப்பா அழுகிற சத்தம் வாசல் வரை வந்தது. விஷயத்தை அவள் ஒரே வரியில் சொன்னாள். அவன் முகம் இறுகிவிட்டது.

"அங்க நல்லாச் சிரிச்சுக்கிட்டிருந்தவரு. இப்படி அழவைக்கத்தான் கூட்டிக்கிட்டு வந்தியா?"

"ஆமாண்ணா. இதுக்குத்தான்."

அவன் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். இனிக்க நாலு வார்த்தை சொல்லித் தேற்றலாம் என்று வாயைத் திறந்தபடியே போனான். அதற்குள் அப்பா துண்டை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மகனை அடையாளம் தெரிந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"உங்கம்மா செத்துப்போயிட்டாளாம்டா" என்றார். "உனக்குத் தெரியுமா?"

அண்ணன் வாய் திறந்தபடியே இருந்தது. தெரியும் என்று சொல்ல அவனால் முடியவில்லை; தெரியாது என்று சொல்லவும் முடியவில்லை. அப்பா அவனை ஏறிட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம் வந்தது.

"உனக்கும் யாரும் சொல்லலையா?" என்றார். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். "வாடா. வந்து இப்படி உட்காரு."